தூக்கிய கணக்கு

40 × 5 × 3 என்று ஒருவர் எழுதிவைத்தால் அது ஐந்து முறை வீதம் மூன்று சுற்றா, மூன்று முறை வீதம் ஐந்து சுற்றா? பெருக்கிப் பார்த்தால் இரண்டும் 600 கிலோதான். தூக்கிப் பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றல்ல என்று தெரியும். தொகைச் சொல்லை விரிக்கும்போது வேற்றுமைத்தொகையா, உம்மைத்தொகையா என்று மாணவர்கள் தடுமாறுவதை இருபது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் உடற்பயிற்சிக் கூடத்தின் சுவர்ப்பலகையில் இந்த மூன்று எண்களைப் பார்த்தபோது அந்தப் பழைய தடுமாற்றம்தான் நினைவுக்கு வந்தது. எழுதிய மாஸ்டரைக் கேட்டேன். "எப்படி வேணா செய்யலாம் மேடம்" என்றார். உரையாசிரியர்களுக்குக்கூட இத்தனை தாராளம் இருந்ததில்லை.

இலக்கியம் பேசும் இடத்தில் இரும்பைப் பற்றி எழுத வந்ததற்கு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். ஆனால் எடைப்பயிற்சியில் எழுத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. தூக்கியதை எப்படி எழுதிவைப்பது, எதை எழுதுவது, எதை விட்டுவிடுவது என்பவை எல்லாம் கடைசியில் உரைநடைப் பிரச்சினைகள்தான். 'கணக்கு' என்ற சொல்லுக்கு நூல் என்ற பொருளும் உண்டு என்பதை இங்கே பலர் அறிவார்கள். பதினெண்கீழ்க்கணக்கு என்பது அடி குறைந்த பாடல்களால் ஆன பதினெட்டு நூல்களின் தொகுதி. கற்பிப்பவனுக்குக் கணக்காயன் என்று பெயர் இருந்தது. என்னுடைய எண்பது பக்க நோட்டில் இருப்பவையும் அடி குறைந்தவைதான். ஒரு நாளுக்கு நான்கு வரிகளுக்கு மேல் போவதில்லை.

வெள்ளானூர் ஆவடிக்கு வடக்கே, செங்குன்றம் போகும் வழியில் இருக்கிறது. இங்கே ஜிம் வந்ததே அண்மையில்தான். ஹார்டுவேர் கடை ஒன்றின் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு நீள ராடு, இரண்டு குட்டை ராடு, பழைய இரும்பு பிளேட்டுகள், ஒரு கண்ணாடி. மாலையில் கல்லூரிப் பையன்களின் ஆட்சி. காலை ஐந்தரை மணிக்கு நானும், ஓய்வுபெற்ற மத்திய ரிசர்வ் போலீஸ்காரர் ஒருவரும், எப்போதாவது ஒரு செவிலியரும் இருப்போம். நாற்பத்தாறு வயதில் தமிழ் விரிவுரையாளர் ஒருத்தி அங்கே என்ன செய்கிறாள் என்ற கேள்வியைத் தெருவில் பலரும் கேட்டுவிட்டார்கள். விடை சுருக்கமானது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அம்மா குளியலறை வாசலில் விழுந்து தொடை எலும்பின் கழுத்தை முறித்துக்கொண்டார். அறுவைக்குப் பிறகு எலும்பின் அடர்த்தியை அளந்தபோது டி-ஸ்கோர் என்னும் அளவு மைனஸ் 3.2 என்று வந்தது. மைனஸ் 2.5க்குக் கீழே போனால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்தது. மருத்துவர் என்னையும் அளந்துகொள்ளச் சொன்னார். எனக்கு மைனஸ் 1.4. அம்மா இருக்கும் திசையில் நானும் நடந்துகொண்டிருக்கிறேன் என்று பொருள்.

எலும்பு உயிருள்ள பொருள், அதன் மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று ஜூலியஸ் வுல்ஃப் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1892இலேயே எழுதிவிட்டார். ஆனாலும் வயதான பெண்களுக்கு நெடுங்காலம் நடைப்பயிற்சியைத் தாண்டி எதையும் யாரும் துணிந்து சொன்னதில்லை. 2018இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றை மருத்துவர்தான் எனக்குக் காட்டினார். மாதவிடாய் நின்ற, எலும்பு குறைந்த 101 பெண்கள். ஒரு பாதிப்பேர் வாரத்துக்கு இரண்டு முறை, அரைமணி நேரம், எட்டு மாதம், பயிற்றுநரின் கண்காணிப்பில் கனமான எடைகளைத் தூக்கினார்கள். தரையிலிருந்து தூக்குதல், தோளில் வைத்து உட்கார்ந்து எழுதல், தலைக்கு மேலே உயர்த்துதல், ஐந்து முறை வீதம் ஐந்து சுற்று. இவர்களின் முதுகெலும்பு அடர்த்தி ஏறத்தாழ 2.9 விழுக்காடு கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்த மற்றப் பாதிக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. நான் சேர்ந்ததற்கு இந்த இரண்டு எண்களே காரணம். கண்காணிப்பில் என்ற சொல்லைப் படிப்பவர்கள் அழுத்திப் படிக்கவும்.

அந்தப் பெண்கள் தூக்கியது அவரவரால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற எடையில் 85 விழுக்காட்டுக்கு மேல். இந்த 85 விழுக்காட்டைத் தெரிந்துகொள்ள நூறு எது என்று தெரிய வேண்டும். அந்த நூறு மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே எழுதாமல் முடியாது. கணக்கு எழுதும் கட்டாயம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இளங்கன்று ஒன்றைத் தினமும் தூக்கிவந்து, அது காளையானபோது காளையையும் தூக்கினான் என்று கிரேக்க மல்லன் மைலோவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மைலோவுக்குக் குறிப்பேடு தேவையில்லை. கன்றே தன் கணக்கைத் தான் வைத்துக்கொண்டது. இரும்பு வளர்வதில்லை. நேற்று எவ்வளவு என்று யாராவது சொன்னால்தான் இன்று அதில் கொஞ்சம் கூட்ட முடியும்.

இந்தக் 'கொஞ்சம்' மருத்துவமாக மாறிய கதை சுவாரசியமானது. தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர் சிறுவயதில் வாதக்காய்ச்சலில் படுத்துக் கிடந்தவர். பிறகு எடை தூக்கித் தன் உடலை மீட்டவர். இரண்டாம் உலகப்போரின்போது சிகாகோவின் இராணுவ மருத்துவமனையில் முழங்கால் அடிபட்ட வீரர்கள் மாதக்கணக்கில் தேறாமல் கிடப்பதைப் பார்த்து, தனக்குத் தெரிந்த வழியை அவர்களிடம் சோதித்தார். 1945இல் அதை ஆய்விதழில் எழுதினார். சரியாகப் பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று கண்டுபிடிப்பது, அதை வாரந்தோறும் மறுபடி அளந்து உயர்த்துவது. 1948இல் இன்னும் சுருக்கினார்: அந்த எடையில் பாதியோடு பத்து, முக்காலோடு பத்து, முழுதோடு பத்து. இன்று உலகத்தில் எந்த ஜிம்மில் நுழைந்தாலும் 'மூணு செட், பத்து' என்று காதில் விழும் மந்திரத்துக்கு இவரும் ஒரு ரிஷி.

நம்மிடம் வலிமை இல்லாமல் இல்லை. பஸ்கியும் தண்டாலும் கர்லாக் கட்டையும் இருந்தன. சாண்டோ என்ற ஐரோப்பியப் பயில்வான் 1904-05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அவர் பெயர் இங்கே எப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்குச் சாண்டோ சின்னப்பா தேவர் ஒரு சான்று, ஒவ்வொரு வீட்டுக் கொடியிலும் காயும் சாண்டோ பனியன் இன்னொரு சான்று. அந்த சாண்டோ 1897இல் எழுதிய நூலில் வயதுவாரியாக எந்தப் பயிற்சியை எத்தனை முறை செய்வது, எப்போது கூட்டுவது என்று அட்டவணைகள் இருக்கின்றன. பனியன் வந்தது, பெயர் வந்தது, அட்டவணை வந்து சேரவில்லை.

புறநானூற்றில் 80 முதல் 82 வரை சாத்தந்தையார் பாடிய பாடல்கள். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மற்போர் செய்து வென்றதைப் பற்றியவை. அடுத்த மூன்று பாடல்களில் நக்கண்ணையார் அதே கிள்ளியின் மேல் கொண்ட காதலைச் சொல்கிறார். வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். பிடிகள், நெருக்கம், ஊராரின் கூச்சல் எல்லாம் கண்முன் வரும். கிள்ளி அதற்கு முந்தைய மாதங்களில் விடியற்காலையில் என்ன செய்தான் என்பது மட்டும் வராது. வர வேண்டிய தேவை புலவர்களுக்கு இல்லைதான். ஆனாலும் நம் மரபு வென்ற நாளைப் பாடியது, நடுகல் நட்டது, பயின்ற நாளை எழுதாமல் விட்டது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பயின்ற நாளில் பாட என்ன இருக்கிறது? செவ்வாய், 40 கிலோ, ஐந்து ஐந்தாக மூன்று. வியாழன், அதே.

இளவட்டக்கல் இந்த விஷயத்தில் ஒரு விசித்திரமான ஆவணம். பெண் கேட்கும் முன் மாப்பிள்ளை தூக்கிக் காட்ட வேண்டும் என்று சொல்லப்படும் கல். இன்றும் தென்மாவட்டங்களில் பல ஊர்களில் கிடக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலை ஒட்டிப் போட்டியே நடக்கிறது. 45 கிலோவிலிருந்து நூறைத் தாண்டியவை வரை பல கற்கள். பெண்களும் களத்தில் இறங்குகிறார்கள். ஊரில் ஒரே கல்தான் கிடக்கிறது என்றால் அது வெறும் தேர்வு. முடிந்தது, முடியவில்லை என்ற இரண்டே மதிப்பெண். ஏழெட்டுக் கற்களை எடைவாரியாக அடுக்கிவைத்தால் அது பாடத்திட்டம் ஆகிவிடுகிறது. வடலிவிளைக்காரர்கள் டிலார்மைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

விளையாட்டாக எடை தூக்குபவர்களின் உலகத்தில் எல்லாமே எழுதப்படுகிறது. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கத்தின் மூன்று வரிகளை என் நோட்டின் அட்டைக்கு உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த், 77 கிலோ பிரிவு: ஸ்னாட்ச் 149, கிளீன் அண்டு ஜெர்க் 179, மொத்தம் 328, தங்கம். 2016 ரியோ ஒலிம்பிக்: 148, 181, மொத்தம் 329, பதினொன்றாம் இடம். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்: 144, 173, மொத்தம் 317, மறுபடி தங்கம். மூன்றாவது தொடைக் காயத்தோடு தூக்கியது. பதக்கங்களை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு நடுவில் ஒரு தோல்வி இருக்கிறது. கிலோக்களைப் பார்க்கிற கண்ணுக்கு மூன்றிலும் உயர்ந்தது அந்த நடுவரிதான். செய்தித்தாளின் தலைப்பும் பயிற்சிக் குறிப்பும் ஒரே நாளைப் பற்றி வேறுவேறு விதமாகச் சொல்லும் என்று மாணவர்களிடம் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை.

போட்டித்தாளில் எனக்குப் பிடித்த இன்னொன்று, முடியாததையும் எழுதுவது. ஒவ்வொருவருக்கும் ஸ்னாட்சில் மூன்று முயற்சி, கிளீன் அண்டு ஜெர்க்கில் மூன்று. தவறவிட்ட எடையை அழிப்பதில்லை, அடித்துக் காட்டுவார்கள். 2016 ரியோவில் மீராபாய் சானுவின் கிளீன் அண்டு ஜெர்க் கட்டங்கள் மூன்றும் அப்படி அடிபட்டவை, அதனால் மொத்தமே இல்லை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 87, 115, மொத்தம் 202, வெள்ளி. இரண்டு தாள்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடிகிறது என்றால் முதல் தாளை யாரும் கிழித்துப் போடவில்லை என்பதால்தான்.

சரி, வெள்ளானூர் மாடிக்கு வருகிறேன். எழுதுவதில் இங்கே பல சம்பிரதாயங்கள். மாஸ்டர் எல்லோருடைய கணக்கையும் தலைக்குள் வைத்திருப்பதாகச் சொல்வார். அவர் தலைக்குள் எல்லோருக்கும் முப்பது கிலோ. பையன்கள் கைபேசிச் செயலிகளில் பதிகிறார்கள். அவை நன்றாகவே இருக்கின்றன. போன முறை தூக்கியதைத் தாமாகவே காட்டுகின்றன, ஓய்வு நேரத்தைக் கணக்கிடுகின்றன, வரைபடம் போடுகின்றன. ஆனால் கைபேசியைக் கையில் எடுத்த பையன் ஓய்வு முடிந்தும் அதைக் கீழே வைப்பதில்லை. போலீஸ்காரர் ஒரு பாக்கெட் டைரி வைத்திருக்கிறார். அதில் வானிலை, தூக்கம், முழங்கால் வலி எல்லாம் உண்டு. நான் நோட்டும் பென்சிலும். பேனா வேர்வையில் கலையும்.

என் வரி இப்படி இருக்கும்: தேதி. ஸ்குவாட். 40 கிலோ. 5, 5, 4. பெருக்கல் குறியே போடுவதில்லை. ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக, காற்புள்ளியோடு எழுதிவிட்டால் தொகையை விரிக்கும் வேலை மிச்சம், மூன்றாவது சுற்றில் ஒன்று குறைந்ததும் தெரியும். கடைசியில் 'கை 1' என்று ஒரு குறிப்பு. கை என்றால் கையிருப்பு. நிறுத்தும்போது இன்னும் எத்தனை முறை முடிந்திருக்கும் என்ற மதிப்பீடு. ஆங்கிலத்தில் இதற்குப் பத்துப் புள்ளி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கையிருப்பு என்ற மளிகைக்கடைச் சொல்லே போதுமானதாக இருக்கிறது. ஒரே 40 கிலோ, ஒரே ஐந்து முறை, ஜனவரியில் கையிருப்பு இல்லை, பிப்ரவரியில் மூன்று. எடை ஏறவில்லை, ஆள் ஏறியிருக்கிறாள். இந்த ஒரு பத்தி இல்லாவிட்டால் அந்த மாதம் வீண் என்றுதான் நோட்டு சொல்லியிருக்கும்.

மொத்த எடையை, அதாவது எல்லாச் சுற்றையும் பெருக்கிக் கூட்டி வரும் டன் கணக்கை, நான் நம்புவதில்லை. 40 கிலோவைப் பதினைந்து முறை தூக்கினாலும் 600, 20 கிலோவை முப்பது முறை தூக்கினாலும் 600. இரண்டாவதில் எலும்புக்குச் செய்தி எதுவும் போய்ச் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம். அதைவிட உபயோகமான சூத்திரம் ஒன்று உண்டு. 1985இல் பாய்டு எப்ளி என்ற பயிற்சியாளர் தந்தது. தூக்கிய முறைகளை முப்பதால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்க வேண்டும். 40 கிலோவை எட்டு முறை தூக்கினால் ஒரே முறை தூக்கக்கூடிய உச்சம் ஏறத்தாழ 50.7 கிலோ. உச்ச எடையை உண்மையில் தூக்கிப் பார்த்து முதுகைப் பணயம் வைக்காமலே அந்த 'நூறு' கிடைத்துவிடுகிறது. முறைகள் பத்துக்கு மேல் போனால் சூத்திரம் புகழ்ந்து பேச ஆரம்பிக்கும்.

ஆனால் எந்தச் சூத்திரமும் பிளேட்டின் மேல் எழுதியிருப்பது உண்மை என்ற நம்பிக்கையில் நிற்கிறது. போட்டிக்கான ராடு ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15. பிளேட்டுகள் நிறத்தாலேயே எடை சொல்லும். சிவப்பு 25, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. எங்கள் மாடியில் எல்லாமே துரு நிறம். வார்ப்பிரும்பில் 10 என்று புடைத்திருக்கும், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரிடம் அனுமதி வாங்கி, இரண்டு பையன்களைத் துணைக்கு வைத்து, எல்லாவற்றையும் தெருமுனைப் பழைய பேப்பர்க் கடைக்கு இறக்கி எலக்ட்ரானிக் தராசில் வைத்தோம். 10 என்றிருந்த ஆறில் ஒன்று 9.3, ஒன்று 10.6. இரண்டில் எழுத்து தேய்ந்து, உற்றுப் பார்த்தால் பவுண்டுக் கணக்கு. கடைக்காரர், "எடைக்குப் போடறீங்களா?" என்று ஆவலோடு கேட்டார். காய்கறிக் கடையின் எடைக்கல்லுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அரசு முத்திரை வேண்டும். மனிதர் தலைக்கு மேலே தூக்கும் இரும்புக்கு எந்த முத்திரையும் இல்லை.

பிறகு வெள்ளைப் பெயிண்டில் ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஓர் எழுத்து போட்டேன். அ, ஆ, இ என்று தொடங்கி ஔ வரை வந்தது. இப்போது என் நோட்டில் 'அ+ஊ' என்று இருந்தால் எந்த இரண்டு என்று தெரியும், சராசரி எடையும் தெரியும். பையன்களும் "அந்த ஏ-வை எடுடா" என்கிறார்கள். உயிரெழுத்துகளுக்கு இப்படியும் ஒரு புழக்கம். இன்னொரு சிக்கல், எங்களிடமிருந்த மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் ஒரேயடியாக ஐந்து கூடும். நாற்பதில் நிற்பவளுக்கு ஐந்து என்பது எட்டில் ஒரு பங்கு. கடையை மூடிய மளிகைக்காரர் ஒருவரிடம் முத்திரை போட்ட பழைய எடைக்கற்கள், அரைக்கிலோவில் இரண்டு, ஒரு கிலோவில் இரண்டு கிடைத்தன. சைக்கிள் டியூபை வெட்டி ராடின் இரு முனையிலும் இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன். அந்த மாடியிலேயே அரசாங்கம் உறுதியளித்த எடை இந்த நான்கு மட்டும்தான்.

கல்லூரியில் ஆவணம் என்பதன் பொருள் வேறு. தரமதிப்பீட்டுக் குழு வருவதற்கு முந்தைய இரவில் மூன்று ஆண்டுப் பாடத்திட்டக் குறிப்பேடுகள் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்துச் சாய்வில் பிறந்ததைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் எந்த நாளும் விடுபட்டதில்லை, எந்தப் பாடமும் பின்தங்கியதில்லை. பயிற்சி நோட்டை அப்படி உட்கார்ந்து எழுத முடியாது என்றில்லை. எழுதினால் அடுத்த நாள் காலை ராடு காட்டிக்கொடுத்துவிடும். பொய்யாக எழுதிய 50 கிலோவின் மேல் இரண்டரை கூட்ட வேண்டுமே.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. அறுவைக்குப் பின் வீட்டுக்கு வந்த பயிற்சியாளர் பத்து நாளோடு நின்றுவிட்டார். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது ஒன்றைத்தான் தொடரச் சொன்னார். எழுபத்தொரு வயதில், அறுவை செய்த காலோடு, அதுவே ஓர் இளவட்டக்கல். முதல் வாரம் கைப்பிடியை ஊன்றாமல் ஒருமுறைகூட முடியவில்லை. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தினேன். உயரம் கூடினால் சுமை குறையும். டிலார்மின் பாதி எடை எங்கள் வீட்டில் இலவம்பஞ்சாக வந்தது. அம்மாவுக்கென்று என் நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். அவர் அதைத் தொடவில்லை.

அவருக்கு அவருடைய முறை இருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது பால் கணக்கு சமையலறைக் கதவில் கரிக்கோடாக இருக்கும். ஒரு கோடு ஒரு ஆழாக்கு, அரைக்கோடு வாங்காத வேளை. மாதக் கடைசியில் பால்காரருக்கும் அம்மாவுக்கும் வழக்கு வந்தால் கதவுதான் சாட்சி. அதே கோடுகளைத் தேதி கிழிக்கும் காலண்டர் தாளில் போட ஆரம்பித்தார். கை ஊன்றாமல் எழுந்தால் முழுக்கோடு, ஊன்றினால் அரை. மேலே 'த 2' என்றால் தலையணை இரண்டு. தேதி, கிழமை, ராகுகாலம் எல்லாம் முன்பே அச்சாகியிருப்பதால் நான் எழுதுவதில் பாதி அவருக்கு மிச்சம். கிழித்த தாளைக் கடைகளில் ரசீது குத்தும் கம்பியில் குத்திவைக்கிறார். முதல் மாதத்துத் தாள்களில் 'த 2', மூன்று முழு, ஐந்து அரை. ஐந்தாம் மாதம் 'த 1', முழுவே ஆறு. சில தாள்களில் ஒன்றுமே இல்லை, ஓரத்தில் 'தலைசுற்றல்' அல்லது 'மழை'. மழைக்கும் வீட்டுக்குள் எழுந்து உட்காருவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். "அன்னிக்கு எலும்பு வலிக்கும்மா, உன் நோட்டுல அதுக்கு எடமில்ல" என்றார். அதன் பிறகு நானும் ஓரத்தில் ஒரு பத்தி விட்டு எழுதுகிறேன்.

முதியவர்களின் கால் வலுவைச் சோதிக்க, அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை கை ஊன்றாமல் எழுகிறார்கள் என்று எண்ணும் முறையை ரிக்லி, ஜோன்ஸ் என்ற இருவர் 1999இல் வகுத்தார்கள். எழுபதிலிருந்து எழுபத்துநான்கு வயதுப் பெண்களுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இயல்பு. அம்மா இப்போது தலையணை இல்லாமல் எட்டு. பத்து வந்தால்தான் தனியாகக் கோயிலுக்கு அனுப்புவேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. எப்போதும் நான் ஒரு பேராசிரியர்த் தொனியில் எண் சொல்வேன் என்று விட்டுவிட்டார்.

எனக்கு உறுத்துகிற கணக்கு ஒன்று உண்டு. எண்பதுகளில் இந்தத் தெருவில் குழாய் இல்லை. அம்மா பொதுக்கிணற்றிலிருந்து இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்தார். ஒரு குடம் தண்ணீர் சுமார் 15 கிலோ. ஒரு நடைக்கு முப்பது, காலையில் ஐந்து நடை. அந்த எடையை யாரும் தராசில் வைக்கவில்லை, எந்தக் கதவிலும் கோடு இல்லை. பிறகு மோட்டார் வந்தது, குழாய் வந்தது, சுமை நின்றது. அதே ஆண்டுகளில் மாதவிடாயும் நின்றது. சுமை இருக்கும்வரைதான் எலும்பு அதை மதிக்கும் என்று படித்தபின் அந்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்கிறேன். குழாய் வந்ததற்காக வருந்த முடியுமா என்ன?

சென்ற வாரம் ஸ்குவாட்டில் 52.5 கிலோ வந்தது. 5, 5, 5, கை 1. வீட்டுக்கு வந்து நோட்டைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் உதடு அசைந்தது.

"மூணரைக் குடம்" என்றார். "அத எங்க கொண்டுபோய் ஊத்துற?"